வண்டி அவிழ்க்க ஓர் இடம்

மார்கழி பிறந்துவிட்டால் பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் வண்டி நிறுத்த இடம் பிடிப்பது பெரும்பாடு. சபரிமலைக்குப் போகிற வேன், மேல்மருவத்தூருக்குப் போகிற பஸ், ராமேசுவரம் முடித்துத் திரும்புகிற டெம்போ டிராவலர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். கோயிலைக் கொஞ்சம் தாண்டினால் சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு வேன் ஒதுங்கி நிற்கும். மேலே கட்டிக்கொண்டு வந்த அண்டாவும் தவலையும் இறங்கும். தார்ப்பாய் விரியும். கேஸ் அடுப்பு பற்றும். இரண்டு பேர் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். ஒருவர் குடத்தோடு தண்ணீர்க் குழாயைத் தேடிப் போவார். வேனுக்கும் மரத்துக்கும் இழுத்துக் கட்டிய கொடியில் கறுப்பு வேட்டிகள் காயும். சாம்பார் கொதித்து இறங்குவதற்குள் டிரைவர் பின்சீட்டில் காலை நீட்டி ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்.

அமெரிக்காவில் இதற்கு ஆர்.வி. கேம்பிங் என்று பெயர். கட்டில், அடுப்பு, குளியலறை, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக் கட்டிய வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் நிறுத்தி, கரண்டும் தண்ணீரும் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். நம்மவர்களும் அங்கே போனபின் இதைப் பழகிக்கொண்டார்கள். டெக்சாஸில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டான்: "மாமா, ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்து நம்ம பக்கமெல்லாம் சுத்தலாம்னு இருக்கேன். ராத்திரி எங்கே நிறுத்துறது? கவர்மெண்ட் பார்க் ஏதாவது இருக்கா, இல்லே ரிசார்ட்தானா?"

அவன் பழகிய ஊரில் அது நியாயமான கேள்வி. அங்கே மாநிலப் பூங்கா என்பது அரசு நடத்துவது. மரம் நிறைய இருக்கும், வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி இருக்கும், கட்டணமும் குறைவு. ஆனால் நல்ல இடமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிந்து வைக்க வேண்டும், இத்தனை நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்று கணக்கும் உண்டு. பல பூங்காக்கள் 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், வேலையில்லாத இளைஞர்களுக்குக் கூலி கொடுத்து அரசு அமைத்தவை. அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளுக்குப் போட்ட பாதையில் இன்றைய நாற்பதடி வண்டி திரும்பாது. தனியார் இடமென்றால் 1962-இல் மொண்டானாவில் தொடங்கிய கே.ஓ.ஏ. மாதிரியான நிறுவனங்கள். கழிவுநீர்க் குழாய்வரை எல்லா இணைப்பும் உண்டு, நீச்சல்குளம் உண்டு, துணி துவைக்க மெஷின் உண்டு. பக்கத்து வண்டிக்காரர் குறட்டையும் உண்டு.

செட்டிநாட்டில் இந்த இரண்டில் ஒன்றைக்கூட அவனுக்கு நேராகக் கை காட்ட முடியவில்லை. ஆனால் அவனுடைய கொள்ளுத்தாத்தா நூறு வருஷத்துக்கு முன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் மூன்று வாசல்களைக் காட்டியிருப்பார்கள்.

அவர் வந்திருக்கக்கூடிய வண்டி கூண்டு வண்டி. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்துகொள்வார்கள். தூக்குச்சட்டியில் புளியோதரை, டப்பாவில் சீடையும் மாவுருண்டையும். சாக்கில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். வெயில் தாழ்ந்தபிறகு பூட்டினால் இரவெல்லாம் வண்டி ஓடும். பதினைந்து இருபது மைல் போனால் அதிகம். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போக இரண்டு மூன்று இரவு ஆகும், ராமேசுவரம் என்றால் இன்னும் கூட. விடிந்து வெயில் ஏறுமுன் வண்டியை அவிழ்த்துப்போட ஓர் இடம் வேண்டும். மாட்டுக்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும். மனுஷனுக்கும் அவைதாம் வேண்டும், கூடவே ஒருவேளைச் சோறு.

இந்தத் தேவைக்குப் பிறந்தது வண்டிப்பேட்டை. ஆலமரமோ புளியமரமோ நிழலுக்கு. மாடு கட்ட முளைக்குச்சி, தண்ணி காட்டக் கல்தொட்டி, மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல். சற்றுத் தள்ளி, சுமை தூக்கி நடப்பவர் யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல். லாடம் கட்டுகிறவரும் சக்கரத்துக்குப் பட்டா போடுகிறவரும் பக்கத்திலேயே இருப்பார்கள். குளிக்கக் குளம், குடிக்க ஊருணி. செட்டிநாட்டுச் செம்மண் பூமியில் ஆறு என்பது பேருக்குத்தான், மழையை நம்பித்தான் பிழைப்பு. அதனால் ஊரை அமைக்கும்போதே தெருக்களின் சரிவும் வாய்க்காலும் ஊருணியைப் பார்த்துத்தான் போகும்படி அமைத்தார்கள். குடிநீர் ஊருணியில் காலை நனைக்கக்கூட விடமாட்டார்கள். வெளியூர் வண்டிக்காரருக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

வண்டியை அவிழ்த்தாயிற்று, ஆள் எங்கே படுப்பது? அங்கேதான் அந்த மூன்று வாசல்கள்.

முதல் வாசல் அரசருடையது. தெற்கே போகிற சாலையெல்லாம் கடைசியில் ராமேசுவரத்துக்குப் போகிற சாலைதான் என்று அன்றைய அரசர்கள் நம்பினார்கள் போலும், அந்த அளவுக்குச் சேது வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரமும் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது. ராமநாதபுரம் சேதுபதிகளும் சிவகங்கைச் சமஸ்தானத்தாரும் சத்திரங்களுக்குக் கிராமங்களையே மானியமாக எழுதி வைத்தார்கள். தஞ்சாவூர் மராட்டிய அரசர்கள் ஒரத்தநாடு வழியாகவும் பிறகு கடற்கரை ஓரமாகவும் ராமேசுவரம்வரைக்கும் ஒரு சத்திரத் தொடரை வைத்திருந்தார்கள்.

அந்தத் தஞ்சாவூர்ச் சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. கம்பெனியார் நாட்டை எடுத்துக்கொண்டாலும் சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். எல்லாச் சாதியாருக்கும் வழிப்போக்கருக்கும் சோறு, நோயாளி வந்தால் வைத்தியரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும், வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் பேறுகாலம் பார்த்து மூன்று மாதம்வரை பராமரிப்பு, அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு, இறந்துபோனவருக்கு அவரவர் வழக்கப்படி இறுதிக் கடன். இன்றைக்கு நெடுஞ்சாலையில் நாம் காசு கொடுத்துச் சாப்பிடுகிற எந்த ஓட்டலும் இதில் பாதி செய்யாது. அரசாங்கம் பயணியை எப்படி நடத்த வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தக் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டுவேன்.

இரண்டாவது வாசல் தனி மனிதருடையது. அப்போது சோற்றை விற்பது கௌரவக் குறைவு. வசதியுள்ளவர் சத்திரம் கட்டினார், இல்லாதவர் திண்ணையைக் கொடுத்தார். செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் இருபுறமும் வழுவழுவென்று நீளும் திண்ணையில் இரவு படுத்துக்கொள்ளப் பெரும்பாலும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விடியும்போது உள்ளேயிருந்து வருகிற ஆச்சி, 'யாரு, எந்த ஊரு?' என்று விசாரிப்பார். விசாரணைக்குப் பின் நீராகாரம் வரும்.

மூன்றாவது வாசல்தான் செட்டிநாட்டின் தனிச்சொத்து. அரசரும் நடத்தவில்லை, தனி ஆளும் நடத்தவில்லை. நகரத்தார் கூடி நடத்தினார்கள். வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைப்பதும், கல்யாணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளி என்று கணக்கிட்டுப் புள்ளிவரி வாங்குவதும் அவர்கள் வழக்கம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில்களை நடத்திய அதே ஏற்பாடு, யாத்திரை போகிற ஊர்களிலெல்லாம் நகர விடுதிகளையும் நடத்தியது. பழனி, ராமேசுவரம், மதுரை, திருச்செந்தூர் என்று முருகனும் சிவனும் இருக்கிற இடமெல்லாம் நகர விடுதி உண்டு. காசியில் 1863-இல் நகரச் சத்திரம் வந்தது. அங்கிருந்து விசுவநாதருக்கு நாள்தோறும் பூசைப் பொருளைச் 'சம்போ, சம்போ' என்று முழங்கிக்கொண்டு எடுத்துப் போகிற வழக்கம் இன்றும் நிற்கவில்லை. கடல் கடந்து போனால் அதன் பெயர் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் நீண்ட கூடத்தில் ஒருவருக்கு ஒரு பெட்டி, ஒரு மேசைப் பலகை, ஒரு பாய். பகலில் கொடுக்கல் வாங்கல், இரவில் அதே இடத்தில் தூக்கம். 1970களின் இறுதியில் அவை இடிக்கப்பட்டன. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போன செட்டியாருக்கும் அங்கங்கே கிட்டங்கி இருந்ததால் ஓட்டல் தேவைப்பட்டதேயில்லை.

இந்த மூன்றாவது வாசலைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. நகர விடுதி நகரத்தாருக்கு. இடமிருந்தால் மற்றவருக்கு, சில இடங்களில் அதுவும் இல்லை. பொதுச் சத்திரங்களிலும் பந்தி பிரித்தார்கள், தாழ்த்தப்பட்டவர் என்று தள்ளிவைக்கப்பட்டவர்களை வாசலிலேயே நிறுத்திய சத்திரங்கள் ஏராளம். 1904-இல் காசிக்குப் போன ஈரோட்டு ராமசாமி, பிராமணர் அல்லாதவர் பணத்தில் கட்டிய சத்திரத்திலேயே பிராமணர் இல்லை என்று வெளியே தள்ளப்பட்டார். அந்த அவமானம் பின்னாளில் தமிழ்நாட்டு அரசியலில் என்னென்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். பழைய சத்திரத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்த வாசலையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்தால் யாருக்கும் அறை என்கிற லாட்ஜ், எத்தனை அழுக்காக இருந்தாலும், அந்த வகையில் ஒரு பெரிய முன்னேற்றம்தான்.

மாற்றம் வண்டியில் வந்தது. ரயில் வந்து, பிறகு பஸ் வந்து, மூன்று இரவுப் பயணம் மூன்று மணி நேரமானதும் இடையில் அவிழ்த்துப்போட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பேட்டைகள் லாரி நிற்கிற இடமாகவும் பஸ் நிலையமாகவும் கட்டடங்களாகவும் மாறின. சத்திரங்களில் சில கல்யாண மண்டபம் ஆயின, சில பள்ளிக்கூடம் ஆயின, மிச்சத்தில் ஆலஞ்செடி முளைத்தது. திண்ணைக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டார்கள். ஊரில் ஆளில்லை, திண்ணையில் யாரைப் படுக்க விடுவது?

அரசரின் இடத்துக்குச் சர்க்கார் பங்களா வந்தது. பொதுப்பணித் துறையின் பயணியர் மாளிகை, உயர்ந்த கூரை, அகலமான வராந்தா, வாசலில் வேப்பமரம், உள்ளே ஒரு கொசுவலைக் கட்டில். பெயர்தான் பயணியர் மாளிகை, படுப்பவர் அதிகாரி. பொதுமக்களுக்கும் கொடுப்பார்கள், பெரிய இடத்து ஆள் யாரும் வராத வரைக்கும். 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தொடங்கியபின் ஓட்டல் தமிழ்நாடு என்ற பெயர் பல ஊர்களில் தென்பட்டது. நல்ல இடமாகப் பார்த்துத்தான் கட்டினார்கள். ராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் அறையிலிருந்தே கடலைப் பார்க்கலாம், தனியார் எவருக்கும் அந்த மனை கிடைக்காது. பராமரிப்பைப் பற்றித் தங்கியவர்களைக் கேட்டால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மனை முதல் தரம், குழாய் மூன்றாம் தரம். அமெரிக்க மாநிலப் பூங்காவைப் பற்றியும் கிட்டத்தட்ட இதையேதான் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

தனியார் வாசல்தான் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. பர்மாவை 1942-இல் ஜப்பான் பிடித்ததும் செட்டிநாட்டின் வருமானம் முறிந்தது. வீடுகள் மட்டும் நின்றன. தெருவுக்குத் தெரு நீளும் வீடு, பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், சொந்தம் கொண்டாட நாற்பது ஐம்பது பங்காளிகள், குடியிருக்க ஒரு காவல்காரர். அந்த வீடுகளுக்கு முதலில் வாடகை தந்தது சினிமா. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் போர்க்காலத்து மின்தட்டுப்பாட்டால் சென்னையை விட்டு வந்து தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையைச் சுற்றிக் குடிசைகள் போட்டு ஸ்டூடியோ நடத்தியதும், 1947-இல் வெளியான 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பட்டதும் இந்த ஊர் மறக்காத சங்கதிகள். பிறகு படப்பிடிப்புக்காரர்கள் வீடுகளைத் தேடி வந்தார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் ஆட்கள் முதன்முதலில் பார்த்த கேரவனும் நடிகர்கள் உட்கார்ந்து இளைப்பாற வந்து நின்றதுதான். உள்ளே ஏசியும் கட்டிலும் உண்டு என்று பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

1999-இல் காரைக்குடியில், ஒரு குடும்பத்தின் கிளப்பாக இருந்த 'பங்களா' விடுதியாகத் திறந்தது. மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி வாழையிலையில் செட்டிநாட்டுச் சாப்பாடு போட்டு வெளிநாட்டுக்காரர்களை உட்கார வைத்தார். அந்த வெற்றிக்குப் பின் ஒவ்வொன்றாக வந்தன. கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் புதுப்பித்த சாரதா விலாஸ். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இவற்றில் சிலவற்றில் ஓர் இரவு வாடகை ஐந்திலக்கத்தைத் தொடும். திண்ணையில் இலவசமாகப் படுத்த வழிப்போக்கரின் பேரன், அதே திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்க நானூறு ரூபாய் கொடுக்கிறான் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. விடுதியாகாத வீடுகளுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். கதவு ஒரு கடையில், நிலை ஒரு கடையில், தூண் ஒரு கடையில் இருக்கும். வீட்டைத் துண்டு துண்டாக விற்பதைவிட இரவு இரவாக விற்பது மேல்.

ஆனால் இந்த விடுதிகள் எல்லாம் கட்டில் தேடி வருகிறவருக்கானவை. கட்டிலைத் தன்னோடு கொண்டு வருகிறவர் அங்கே வந்து நின்றால், வாசலில் வண்டி நிறுத்தலாம் என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. கேரவன்காரருக்கு வேண்டியது அறை அல்லவே. சமதளமான மண், நிழல், ஒரு பிளக், ஒரு குழாய், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஒரு குழி, இரவில் ஒரு காவல்காரர். இதுதான் வண்டிப்பேட்டையின் பட்டியல். முளைக்குச்சிக்குப் பதில் பிளக், அவ்வளவே.

அரசுக்கு இது தெரியாமலில்லை. 2023-இல் வெளிவந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை, ஊக்கப்படுத்த வேண்டிய துறைகளில் ஒன்றாகக் கேரவன் சுற்றுலாவையும் சேர்த்திருக்கிறது. பக்கத்து மாநிலமான கேரளம் 2021-லேயே தனிக் கொள்கை கொண்டுவந்து, அடுத்த ஆண்டே வாகமனில் தனியாரைக் கொண்டு முதல் கேரவன் பார்க்கைத் திறந்துவிட்டது. ஒரு பார்க்குக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டி நிற்க இடமும் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஐம்பது சென்ட் என்றால் பெரிய வளவு வீடு ஒன்றின் மனைக்கட்டு. செட்டிநாட்டில் நிலத்துக்கா பஞ்சம்?

நிலத்தைவிடப் பெரிய சிக்கல்கள் மூன்று நான்கு உண்டு. முதலில் வெயில். ஏப்ரல், மே மாதத்தில் இந்த ஊரில் நண்பகலில் கேரவனுக்குள் இருப்பது தகரப் பெட்டிக்குள் இருப்பது. ஏசி ஓட வேண்டுமானால் கரண்டு நிற்கக்கூடாது. பழைய வண்டிக்காரர் பகலில் மரத்தடியில் தூங்கி இரவில் ஓட்டினார், நாம் பகலில் ஓட்டி இரவில் தூங்குகிறோம். வெயிலுக்கு எது ஏற்ற முறை என்று சொல்லத் தேவையில்லை. சட்டமும் ஒன்று உண்டு. சொந்த வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்திக்கொண்டு கிளம்ப நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்த ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது தண்ணீர். கேரவனின் வயிற்றில் இரண்டு தொட்டிகள், நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று. அந்த இரண்டாவது தொட்டியை எங்கே திறப்பது என்பதில்தான் இந்த ஊருக்கும் விருந்தாளிக்கும் உறவு நிற்கும் அல்லது முறியும். ஊரின் சரிவெல்லாம் ஊருணியை நோக்கியே இருக்கிறது என்று முன்னே சொன்னேன். ஓரமாகத்தானே என்று வாய்க்காலில் திறந்துவிட்டால் அடுத்த மழையில் அது ஊருணிக்கு வந்துவிடும். இப்போதே வேன்களில் வருகிற கூட்டம் கோயில் ஊர்களின் சாலையோரத்தை என்ன செய்துவைக்கிறது என்பதை மாசியில் போய்ப் பார்த்தால் தெரியும்.

காட்டுப் பக்கம் ஒதுங்கலாமே என்பார்கள். சிவகங்கை மாவட்டத்தில் அரசுப் பூங்கா என்று சொல்லத்தக்கது திருப்பத்தூர்ப் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், 1977-இல் அறிவிக்கப்பட்டது. கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர் கொள்ளுகுடிப்பட்டி. பறவை வருகிற மழை, பனிக்காலமும் வெளியூர்க்காரர் செட்டிநாட்டுக்கு வருகிற காலமும் ஒன்றுதான். அந்தக் கண்மாய்க்கரையில் ஜெனரேட்டரை ஓடவிட்டு ஓர் இரவு தங்குவது நியாயமில்லை, பகலில் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். தனியாரிடம் காட்டோரத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியின் சீகூர் இருக்கிறது. யானை நடக்கிற வழியில் எழுந்த ரிசார்ட்டுகளை 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மூட வேண்டியதாயிற்று. 2020-இல் அந்த வழித்தடம் யானைகளுக்குத்தான் என்று தீர்ப்பும் வந்தது.

ஆக, பையனின் கேள்விக்கு என்ன விடை? அரசிடம் இடமிருக்கிறது, கவனமில்லை. தனியாரிடம் கவனமிருக்கிறது, அவருக்கு அறை விற்றால்தான் கட்டுபடியாகும். வெறும் மண்ணையும் ஒரு குழாயையும் வாடகைக்கு விட்டு அவர் பிழைக்க முடியாது. நான் அவனுக்குச் சொன்னது மூன்றாவது வாசலைத்தான். கோயில் ஊர்களின் நகர விடுதி அலுவலகத்தில் போய், நாங்கள் வண்டியிலேயே படுத்துக்கொள்கிறோம், குளிக்கவும் கழிப்பறைக்கும் மட்டும் வசதி வேண்டும் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரே ஊரில் இரண்டு நாள் என்றால் வண்டியைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு ஓர் இரவாவது பழைய வீட்டு விடுதியில் தங்கு, அந்த வீட்டின் முற்றத்தில் மழை விழுவதைப் பார், அதற்குக் கொடுக்கிற பணம் வீண்போகாது என்றும் சொன்னேன். அவன் கடைசியில் கேரவனை விட்டுவிட்டு டிரைவரோடு ஒரு டெம்போ டிராவலர் எடுத்தான் என்பது வேறு கதை.

மூன்றாவது வாசல் செத்துப்போன ஒன்றல்ல என்பதற்குத் தைப்பூசம் சாட்சி. குன்றக்குடியிலிருந்து புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் போகிறது நகரத்தார் காவடி. உப்பு வணிகத்துக்காகப் பழனிக்குப் போன நெற்குப்பைக் குமரப்பர் தொடங்கியது, நானூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது என்பது நகரத்தார் மரபு. காவடி போனபடியே நடந்து திரும்பவும் வரும். முன்பு மாட்டு வண்டியில் போன சாமான்கள் இப்போது லாரியில் போகின்றன. மற்றபடி ஏற்பாடு பழையதுதான். இன்ன ஊரில் இன்ன தோப்பு, இன்ன மடம், அங்கே யார் உபயம், காலைக்கு என்ன, இரவுக்கு என்ன என்று எல்லாம் எழுதாத கணக்காக இருக்கிறது. வழியில் சேர்ந்து நடக்கிற பல்லாயிரம் பேரில் நகரத்தார் அல்லாதவரே மிகுதி. சுக்குக் காப்பியும் நீர்மோரும் கொடுக்கிற இடத்தில் சாதி கேட்பவர் இல்லை. பழைய சத்திரம் செய்யத் தவறியதை நடைப்பயணம் செய்துவிட்டது. முன்பதிவும் கிடையாது, ஆன்லைன் பணமும் கிடையாது, ஆனாலும் யாரும் பட்டினி கிடப்பதில்லை. இரவில் படுத்து எழுந்த தோப்புக்கு வாடகை கேட்டவரும் இல்லை. அடுத்த நாள் அந்தத் தோப்பைக் கூட்டுகிறவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் நல்ல பதில் வரவில்லை.

பேட்டை நடத்தத் தெரிந்த ஊர் இது. மாநகராட்சி ஆகிவிட்ட காரைக்குடியிடம் நிலம் இருக்கிறது, நகரத்தாரிடம் நடத்துகிற பழக்கம் இருக்கிறது, சுற்றுலாத் துறையிடம் கொள்கை இருக்கிறது. மூவரும் உட்கார்ந்து பேசி, பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் நடுவில் ஓர் ஐம்பது சென்ட் ஒதுக்கட்டும். நிழலுக்கு வேப்பங்கன்று நடட்டும், ஐந்தாறு பிளக், நாலு குழாய், பெண்களுக்குத் தனியாகக் குளியலறை, சமைக்க ஒரு கூரை, ஊருணிச் சரிவுக்கு எதிர்ப்புறமாகக் கழிவுத் தொட்டி, கூட்டிப் பெருக்க இரண்டு பேருக்குச் சம்பளம். கேரவனுக்கு ஒரு கட்டணம், ஐயப்பசாமி வேனுக்கு அதில் கால் பங்கு. வருகிறவர் எந்த ஊர், எந்தக் குலம் என்று கேட்க வேண்டாம். பெயரையும் புதிதாகத் தேட வேண்டாம், வண்டிப்பேட்டை என்றே பலகை வைக்கலாம். அடுத்த தைப்பூசத்துக்குள் ஒன்றையாவது திறந்துவிடுங்கள்.